ஏற்காட்டுக் குளிருக்கு ஒரு பருப்பு பேக்

மணி ஐந்தரை. கேமராவை ஜன்னல் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். எதிரே சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக் கொடி எல்லாம் இருந்தன. இப்போது பனி மட்டும்தான். ராத்திரிக்கு அத்தை, மாமா, நாங்கள் இரண்டு பேர், பொடியன் என்று ஐந்து பேர். இந்தக் குளிரில் ஒவ்வொருவருக்காக நின்று தோசை ஊற்ற எனக்குத் தெம்பில்லை. அதனால் பருப்பை ஓடிஜிக்குள், அதாவது சின்ன கரண்ட் ஓவனுக்குள், பேக் செய்யத் தள்ளிவிட்டு உட்காரப் போகிறேன்.

மைசூர் பருப்பு ஒன்றரை டம்ளர், அரை மணி நேரம் ஊறியிருக்கிறது. மலையில் பருப்பு வேகவைப்பது தனிக் கதை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் இங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் அசையாது. கல்யாணமாகி சேலத்திலிருந்து வந்த புதிதில், கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று தினமும் திட்டுவேன். பாவம் அவர். கீழே 15 நிமிடத்தில் வேகிற பருப்பு இங்கே 20, 25 எடுத்துக்கொள்ளும்.

குக்கரில் வைக்கலாமே என்பீர்கள். போன தடவை வைத்தேன். குழைந்து கூழாகி, முக்கால் மணி நேரம் பேக் செய்த பிறகும் டிரேயில் சாம்பாராகவே நின்றது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. சாதம் கேட்டு வாங்கி, பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார். ஆக, இன்றைக்குத் திறந்த பாத்திரம், பருப்புக்கு இரண்டு பங்கு தண்ணீர். இதோ, கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுக்கிறேன். கோடு மூடாமல் அப்படியே நிற்கிறதா? இதுதான் பதம். கோடு மூடிக்கொண்டால் இன்னும் வற்றவிடுங்கள், அவசரப்படாதீர்கள்.

தக்காளியைப் பருப்போடு போட வேண்டாம். புளிப்பு பட்டால் பருப்பு இன்னும் விறைத்துக்கொள்ளும். தனி வாணலியில் வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறு பல், துருவிய கேரட், கடைசியில் தக்காளி இரண்டு. எண்ணெய் பிரியும்வரை வதக்கி, உப்பும் நுணுக்கிய மிளகும் போட்டுப் பருப்பில் கலந்துவிட்டேன். மிளகு நம் வீட்டுக் கொடியில் காய்த்தது. காரம் தொண்டைக்கு இதமாக இருக்கும், மிளகாய்த் தூளில் அது வராது.

துண்டு உதிராமல் பிடித்துக்கொள்ள இதற்கு முட்டை இரண்டு அடித்து ஊற்றுவார்கள். இன்று சனிக்கிழமை, அத்தை முட்டை தொட மாட்டார். அதனால் கடலை மாவு மூன்று கரண்டி, கட்டியில்லாமல். அதுவும் நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.

வெண்ணெய் தடவிய டிரேயில் அழுத்திப் பரப்பி, 180 டிகிரியில் அரை மணி நேரம். ஓடிஜி இல்லாதவர்கள் கேக் செய்கிற மாதிரி, பழைய குக்கரில் விசிலும் கேஸ்கட்டும் எடுத்துவிட்டு, உப்பு பரப்பி ஸ்டாண்டு மேல் வைக்கலாம். மேலே சிவக்காது, ருசியில் குறையில்லை.

அப்புறம், மேல் தூவலுக்கு எல்லோரும் பிரட் தூள் போடுவார்கள். நான் சேலத்துக்காரி, மொறுமொறு தட்டு வடை போடுவேன். எங்கள் ஊர்த் தின்பண்டமான நொறுக்கலுக்கு உடைப்பதுபோல ஏழெட்டைக் கையால் உடைத்து, துருவிய சீஸோடு கலந்து, கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் தூவ வேண்டும். ஏற்கெனவே பொரித்தது இல்லையா, முன்னாலேயே போட்டால் கருகிவிடும்.

சரி, எடுத்துவிட்டேன். ஓரத்தில் சீஸ் இன்னும் குமிழ் விடுகிறது, நடுவில் லேசாக வெடித்திருக்கிறது. பத்து நிமிடம் ஆறினால்தான் துண்டு உடையாமல் வரும். மாமாவுக்குச் சாதமும் வடித்து வைத்திருக்கிறேன், எதற்கு வம்பு.

டேய், தொடாதே, சுடும்! பாருங்கள், இந்த மூலையில் தட்டு வடையை மட்டும் பெயர்த்துவிட்டான்.