ராக்கோழிக்கு மனசு ஏன் வாடுகிறது?

(காட்சி: தண்டையார்பேட்டையில் ஒரு ஒற்றை அறை வீடு. சுவர்க் கடிகாரத்தில் இரவு 2.30.)

அப்பா காசிமேட்டுக்குக் கிளம்புகிறார், மீன் ஏலத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் போர்வைக்குள் போனோடு கிடக்கிறான்.

"இன்னாடா, இன்னும் தூங்கல?"

"தூக்கம் வரல நைனா."

அப்பா நம்பப் போவதில்லை. ஆனால் பையன் சொல்வது முழுப் பொய்யும் இல்லை.

(வரைபடம்: மூளை)

கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு குட்டி நரம்புக் கொத்து இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். இருட்டியதும், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் சொல்வதும் அதுவே. பருவ வயதில் இந்தக் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும், அதாவது தூக்கம் வருவதே தாமதமாகும். 20 வயதை ஒட்டி உச்சம், அதற்குப் பிறகு மெல்ல முன்னுக்கு வரும். இதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. சோம்பேறி என்று திட்டுவது சுலபம், அவ்வளவுதான்.

சரி, மனசுக்கு இதில் என்ன வேலை?

(திரையில் கணக்கு)

கல்லூரி நாளில் 2 மணிக்குத் தூங்கி 6.30க்கு எழுகிறான். தூக்கத்தின் நடுப்புள்ளி 4.15. ஞாயிறு 3 மணிக்குத் தூங்கி 11க்கு எழுகிறான். நடுப்புள்ளி 7. வித்தியாசம் இரண்டே முக்கால் மணி நேரம்! விமானமே ஏறாமல் வாராவாரம் வேறு நாட்டுக்குப் போய் வருகிற மாதிரி. இதற்கு 'சமூக ஜெட்லாக்' என்று பெயர்.

பல நாடுகளில் மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளில், இரவில் விழித்திருக்கும் ரகத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் சராசரியாகக் கூடுதலாகவே தெரிகின்றன. அதற்காக ராத்திரி விழித்தால் மனச்சோர்வு வந்தே தீரும் என்று இல்லை. சோர்வு வந்தாலும் தூக்கம் கெடும், எது முதலில் என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் நடுவில் நடப்பது நமக்குத் தெரியும். தூக்கக் கடன் ஏறுகிறது. வீடே தூங்கும் நேரத்தில், அரியர் பேப்பரும் யாரோ சொன்ன ஒரு வார்த்தையும் திரும்பத் திரும்ப ஓடுகின்றன. பேச ஆள் இல்லை.

(காட்சி: மொட்டை மாடி, காலை வெயில்)

எழுந்ததும் அரை மணி நேரம் மாடிக்குப் போகட்டும், காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். ஞாயிறு எழும் நேரம் ஒரு மணி தள்ளிப்போகலாம், நாலரை மணி வேண்டாம். அப்புறம் அந்த சாயங்காலம் 6 மணி டீ. அதன் காஃபீனில் ஏறத்தாழ பாதி ராத்திரி 11 மணிக்கும் உடம்பில் இருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனசு கனத்தே கிடந்தால், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. இலவசம், தமிழில் பேசலாம். ராத்திரி இரண்டரைக்கும் எடுப்பார்கள்.