சிவப்புக் கழுத்து படத்துல ஏன் கறுப்பா விழுது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

நியூ ஜெர்சியில இருந்து ஒரு சகோதரி நாலு படத்தோட கேள்வி அனுப்பியிருக்காங்க. "வீட்டுப் பின்பக்கம் ஃபீடருக்கு (சர்க்கரைத் தண்ணி ஊத்தி மாட்டற குடுவை) ஆண் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) வருது. கண்ணுக்குக் கழுத்து மாணிக்கச் சிவப்பா மின்னுது. படம் எடுத்தா கறுப்பா விழுது. லென்ஸ் மாத்தணுமா?"

லென்ஸ மாத்தாதீங்க. ரெண்டு நாளா இந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டிருக்கு. அந்த இறகுல சிவப்புச் சாயம்னு எதுவுமே கிடையாது. உள்ள இருக்கறது மெலனின், நம்ம தலைமுடியில இருக்கற அதே கறுப்பு. அது மெல்லிசான தட்டுகளா அடுக்கி, தட்டுக்குள்ள காத்துக் குமிழோட இருக்கு. வெளிச்சம் அந்த அடுக்குல பட்டு ஒரு குறிப்பிட்ட கோணத்துல திரும்பினாத்தான் சிவப்பு. கோணம் தப்பினா கறுப்பு. மயில்கழுத்துப் பட்டுப்புடவைய அசைச்சா நிறம் மாறும்ல, பாக்க அப்படித்தான் இருக்கும். ஆனா புடவையில பாவுக்கும் ஊடைக்கும் தனித்தனிச் சாயம் இருக்கு. இங்க சாயமே இல்ல.

அதனால செய்ய வேண்டியது இதுதான்: சூரியன் உங்க முதுகுக்குப் பின்னால, தாழ்வா இருக்கணும். குருவி உங்களப் பாக்கணும். நல்ல நேரம் காலையில முதல் ரெண்டு மணி நேரம்.

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஃபீடர்ல குருவி குடிக்க நாலு துளை இருந்தா, அது ஒரே எடத்துக்கு வர்ற மாதிரி ஒண்ண மட்டும் விட்டுட்டு மத்ததுக்கு டேப் ஒட்டுங்க. எந்தத் துளைய விடறதுன்னு யோசிக்கணும். உங்களப் பாத்த துளைய விட்டா, குடிக்கும்போது குருவியோட முதுகுதான் கிடைக்கும். பக்கவாட்டுத் துளைய விடுங்க. ஒரு வாய் குடிச்சதும் அது கொஞ்சம் பின்வாங்கி, அந்தரத்துல நின்னு தலையத் திருப்பும். அந்த எடத்துல முன்கூட்டியே ஃபோகஸ் வச்சிட்டு, தொடர்ச்சியா பத்துப் பன்னெண்டு படம் தட்டுங்க. ஒண்ணு ரெண்டுல கழுத்து பத்திக்கிட்டு எரியும். இன்னும் சுலபமான வழி, ஃபீடருக்குக் காவல் இருக்கற ஆண் திரும்பத் திரும்ப உக்கார்ற மொட்டைக் கிளையக் கண்டுபிடிக்கறது.

இறக்கை விஷயம். நொடிக்கு ஏறக்குறைய அம்பது தடவை அடிக்கும். ஷட்டர் 1/1000 நொடியில இறக்கை புகை மாதிரிதான் விழும். வெயில்ல ஷட்டர் 1/4000, லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 800-ல ஆரம்பிங்க. என்னைக் கேட்டா இறக்கை கொஞ்சம் கலங்கினா அழகுதான், கண்ணு கூர்மையா இருந்தாப் போதும்.

இல்ல, இறக்கை அப்படியே நிக்கணும்னா ஃப்ளாஷ். அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனித் தலைவரா இருந்த கிராஃபர்ட் கிரீன்வால்ட்னு ஒரு பொறியாளர், அதிவேக ஃப்ளாஷ் வச்சு இந்தக் குருவிகளப் படமெடுத்தே பேர் வாங்கினவர். சும்மா விடல மனுஷன், 1960-ல இந்தக் கழுத்து நிறத்தோட இயற்பியல் பத்தியும் கூட்டா ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். நம்ம சகோதரி கேட்ட அதே கேள்விதான்.

முறை இதுதான்: ஃபீடர நிழல்ல மாட்டுங்க. ரெண்டு மூணு ஃப்ளாஷ், ஒவ்வொண்ணும் 1/16 அல்லது 1/32 சக்தியில, குருவி நிக்கற எடத்துல இருந்து ரெண்டடி தூரத்துல. சக்தி கொறையக் கொறைய ஃப்ளாஷ் வெட்டற நேரமும் சுருங்கும், அதுதான் இறக்கைய நிறுத்தும். ஒண்ணு கட்டாயம் லென்ஸ் பாக்கற கோட்ட ஒட்டி இருக்கணும், கழுத்து சிவக்கறது அதாலதான். ஷட்டர் 1/200, எஃப் 16, ஐஎஸ்ஓ 200. முதல்ல ஃப்ளாஷ் இல்லாம ஒரு படம் எடுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட இருட்டா வரணும். வெளிச்சம் தெரிஞ்சா இறக்கை ஆவி மாதிரி ரெட்டையா விழும். பின்னணி கன்னங்கரேல்னு ஆகாம இருக்கப் பச்சை அட்டை ஒண்ண மூணடி தள்ளி வச்சு, அதுக்கும் ஒரு ஃப்ளாஷ் கொடுங்க. ஃப்ளாஷ்ல ஹை ஸ்பீட் சிங்க்னு ஒரு வசதி இருக்கும், அதப் போடாதீங்க. பேரப் பாத்து ஏமாறாதீங்க, அதுல ஷட்டர் நகர்ற நேரம் முழுக்க ஃப்ளாஷ் துடிச்சுக்கிட்டே இருக்கும், அந்த ஒரே வெட்டு கிடைக்காது.

சரி, இப்ப சகோதரி அனுப்பின படத்துல நான் பாத்த வேற ஒண்ணு. ஃபீடர் துளை ஓரத்துல கறுப்புப் புள்ளி இருக்கு. கழுத்துக் கறுப்ப விட எனக்கு அதுதான் கவலை. பூஞ்சணம். உள்ள தண்ணி கலங்கலா, செவப்பா வேற இருக்கு. சாயம் வேண்டாம், ஃபீடரோட சிவப்பே போதும். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நாலு பங்கு தண்ணி. அவ்வளவுதான். நம்மாளுங்க பாசத்துல நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன்னு போடறாங்க. தேன் கரைச்சா சீக்கிரம் புளிச்சுப் பூஞ்சணம் பிடிக்கும். கருப்பட்டியில இருக்கற இரும்பு நமக்கு நல்லது, மூணு கிராம் குருவிக்கு ஆகாது. திரும்பச் சொல்றேன், வெள்ளைச் சர்க்கரை, ஒண்ணுக்கு நாலு. வெயில் 90 ஃபாரன்ஹீட் தாண்டினா தினமும் மாத்துங்க, இதமான நாள்ல மூணு நாளைக்கு ஒருதரம். மாத்தும்போதெல்லாம் சுடுதண்ணி, பிரஷ். பூஞ்சணம் வந்துட்டா ஒரு கேலன் தண்ணிக்குக் கால் கப் பிளீச், ஒரு மணி நேரம் ஊற வச்சு, நல்லா அலசிக் காய வைங்க. எறும்புக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதீங்க, இறகுல ஒட்டும். ஃபீடருக்கு மேல தண்ணிக் கிண்ணம் ஒண்ணு மாட்டினாப் போதும்.

இன்னொருத்தர் கேட்டது: ஃபீடர எறக்கலன்னா தெற்கே போகாம தங்கிடுமா? தங்காது. பகல் பொழுது சுருங்கறதுதான் அதக் கிளப்பிவிடுது. நியூ ஜெர்சியில கடைசிக் குருவியப் பாத்த பிறகும் ரெண்டு வாரம் விட்டு வைங்க. நவம்பர்ல ஒண்ணு வந்தா சும்மா விட்டுடாதீங்க, மேற்குப் பக்கத்து ரூஃபஸ்ங்கற வேற வகை ஓசனிச்சிட்டா இருக்கலாம். அப்ப கழுத்த விடுங்க, வால் விரியற நொடிய 1/2000-க்கு மேல வச்சுப் பிடிங்க. எந்த வகைக் குருவின்னு பெரும்பாலும் வால் இறகோட வடிவத்தையும் அகலத்தையும் வச்சுத்தான் பிரிச்சுச் சொல்ல முடியும்.