சாக்குக்கு ஏற்ற வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

பரணில் மடித்துக் கிடக்கும் பழைய சணல் சாக்கை வைத்து வீட்டுக்கு என்ன செய்துகொள்ளலாம் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் சாக்கை யாரும் சும்மா விட்டதில்லை. அடிமூலை ஒன்றை இன்னொன்றுக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. தூறலில் வயலுக்குப் போய்வரலாம். பனிக்காலத்தில் கன்றுக்குட்டியின் முதுகில் சாக்கு. கட்டட வேலையில் புதுத் தூணைச் சுற்றி ஈரச்சாக்கு. தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், காற்றை உள்ளே விடும், சொரசொரவென்று இருக்கும், கடைசியில் மக்கிப்போகும். சாக்கின் குணம் இதுதான். இதைப் பார்த்து வேலை கொடுத்தால் போதும். பாட்டிலுக்குச் சட்டை, சுவரில் மாட்ட பொம்மை என்றெல்லாம் செய்கிறார்கள். எனக்கு அதில் மனம் போவதில்லை, தூசிதான் சேரும்.

முதலில் எந்தச் சாக்கு என்று பாருங்கள். உணவு தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று 1987இல் சட்டம் வந்ததால், நெல், கோதுமை ஏற்றிய சாக்குகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய சாக்குக் கடையில் கேட்டால் கிடைக்கும். மருந்து கலந்த விதை, உரம், பூச்சிமருந்து இருந்த சாக்கு என்று சந்தேகம் வந்தாலே வேண்டாம். எலி மூத்திர வாடை அடிப்பதும் வேண்டாம்.

சாக்கில் மண்ணெண்ணெய் போல ஒரு வாடை வரும். ஆலையில் நாரை இளக்க எண்ணெய் சேர்ப்பதால் வருவது அது. வெளியே உதறி, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, நாலைந்து தண்ணீர் மாற்றி அலசினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் கல்லில் போட்டு அடிக்காதீர்கள். பருத்தி நனைந்தால் பலம் கூடும். சணலுக்கு நனைந்தால் பலம் குறையும். வாஷிங் மெஷினிலும் போட வேண்டாம், பிசிறு போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் பழுப்பேறும். அதனால் நிழலில், காற்றாட உலர்த்துங்கள்.

வாய்த்தையலைக் கத்தரியால் வெட்டாதீர்கள். அது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழு நூலும் கையோடு வந்துவிடும். வரவில்லையென்றால் எதிர்முனையில் இழுத்துப் பாருங்கள். அந்த நூலைச் சுருட்டி வையுங்கள், தைக்க ஆகும். துணியை வெட்டும்போது கோடு போட வேண்டியதில்லை. நெசவிலிருந்து ஒரு இழையை உருவிவிட்டால் அந்தச் சந்தே நேர்கோடு. வெட்டிய ஓரத்தில் உடனே பசை தடவுங்கள், அல்லது மடித்துத் தையல் போடுங்கள். இல்லையென்றால் நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஓரம் பிரிந்து கிடக்கும்.

சாக்குக்கு மிகப் பொருத்தமான வேலை கால்மிதி. மூன்று விரல் அகலத்துக்குப் பட்டைகளாக வெட்டி, மூன்று பட்டையாகச் சேர்த்துப் பின்னிக்கொண்டே போங்கள். பிறகு பின்னலை வட்டமாகச் சுற்றி, கோணி ஊசியால் பக்கத்துச் சுற்றோடு சேர்த்துத் தையுங்கள். மடியில் வைத்து, நூலை இறுக்கி இறுக்கித் தைத்தால் கால்மிதி கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, வெளிச்சுற்றைக் கொஞ்சம் தளர்வாக விட்டுத் தைத்தால் படிந்து கிடக்கும். ஈரக்காலோடு வருகிறவர்களின் தண்ணீரை இது உறிஞ்சிக்கொள்ளும். வாரம் ஒருமுறை காயப்போட மறக்காதீர்கள்.

அடுத்தது கடைக்குப் போகும் பை. நெசவு இளக்கமாக இருப்பதால் பழைய வேட்டியையோ லுங்கியையோ உள்துணியாக வைக்க வேண்டும். கைப்பிடிக்குச் சாக்கையே வெட்டி வைத்தால் அறுந்துவிடும். பருத்தி நாடா வாங்கி, அதைப் பையின் அடிவழியாகச் சுற்றிக் கொண்டுவந்து தையுங்கள். தேங்காயின் பாரத்தை அப்போது நாடா தாங்கும், சாக்கு தாங்க வேண்டியதில்லை.

ஃபிரிட்ஜில் இடம் இல்லாதபோது கீரைக்கும் காய்க்கும் ஈரச்சாக்கு உதவும். கூடையில் காயை அடுக்கி, பிழிந்த சாக்கால் மூடி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். சித்திரையில் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி மழையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அவ்வளவு பலன் இருக்காது, காய் அழுகவும் கூடும்.

அடுப்பங்கரையில் பாத்திரம் பிடிக்கச் சாக்குத்துணி வேண்டவே வேண்டாம். பிசிறில் தீ சட்டென்று பிடிக்கும்.

அப்புறம் தோட்டம். ஓட்டையில்லாத சாக்கில் மண்ணும் மட்கிய எருவும் கலந்து பாதிக்கு நிரப்பி, இஞ்சி வைக்கலாம். கூடுதல் தண்ணீர் தானாக வடிந்துவிடும். நாள்பட அடி மக்கும் என்பதால் வைத்த இடத்திலிருந்து தூக்காதீர்கள். கிழிந்த கால்மிதி, தேய்ந்த பை எல்லாவற்றையும் பிரித்து, பசை, நாடா, உள்துணி நீக்கி, செடிகளைச் சுற்றி மண்மேல் பரப்பிவிடலாம். களை அவ்வளவாக வராது, ஈரம் நிற்கும், பிறகு அதுவே எருவாகும். வீட்டுச் சுவரிலிருந்து மட்டும் தள்ளியே போடுங்கள், சாக்கைத் தேடிக் கறையான் வரும்.

நன்றி, வணக்கம்.