சத்தத்தைக் கூட்டினால் போதுமா?

வணக்கம் நேயர்களே.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க, கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறான்." காது கேளாத குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் கருவி காக்ளியர் இம்பிளாண்ட். அதைப் பொருத்திய குழந்தைகளின் பெற்றோர், கேட்புத்திறன் நிபுணரான, அதாவது ஆடியாலஜிஸ்டான என்னிடம் அடிக்கடி கேட்பது இது. ஆதங்கம் புரிகிறது. ஆனால் டிவி ரிமோட் போல ஒரே பொத்தானில் முடிகிற காரியம் இல்லை.

நத்தை ஓடு போலச் சுருண்ட உள்காதுக்குள் ஒரு மெல்லிய இழை போகிறது. அதில் தயாரிப்பைப் பொறுத்து 12 முதல் 22 எலக்ட்ரோடுகள், அதாவது கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் முனைகள், இருக்கும். வாசலோரம் இருப்பவை கீச்சு ஒலிகளுக்கு. உள்ளே போகப் போகக் கட்டை ஒலிகளுக்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எல்லைகள் குறிக்கிறோம்: லேசாகக் கேட்கத் தொடங்கும் அளவு, உரக்கக் கேட்டாலும் உறுத்தாத அளவு. இதுதான் மேப்பிங். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே இயல்பான காதுக்கு 120 டெசிபல் வரை அகலம் உண்டு; டெசிபல் என்பது ஒலியை அளக்கும் அலகு. மின்தூண்டலில் கிடைப்பதோ பெரும்பாலும் 10, 20 டெசிபல்தான். ஊர்வலம் முழுவதையும் ஒரு சந்துக்குள் திருப்பி விடுகிற வேலை இது.

கீழ் எல்லையைத் தாழ்த்தி வைத்தால் மெல்லிய ஒலிகள் காணாமல் போகும். 'காசு எங்கே?' என்று கேட்டால் பிள்ளை தன் காதைத் தொட்டுக் காட்டும். நடுவில் இருந்த 'ஸ்' அதற்குப் போய்ச் சேரவே இல்லை. மேல் எல்லை மிஞ்சினால் மின்னோட்டம் அக்கம்பக்கத்து நரம்புகளுக்கும் பரவி, ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தந்தை கெஞ்சினாரே என்று மேல் எல்லைகளை எல்லாம் ஒரே நாளில் ஏற்றிவிட்டேன். மறுநாளிலிருந்து அந்தக் குழந்தை கருவியைக் கழற்றி எறிய ஆரம்பித்துவிட்டது. தவறு என்னுடையதுதான்.

இந்தக் குழப்பத்தைக் குறைக்க வழி வகுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் பிளேக் வில்சன். எல்லா எலக்ட்ரோடுகளையும் ஒரே நேரத்தில் தூண்டாமல், மாற்றி மாற்றி வேகமாகத் துடிப்புகளை அனுப்பும் அவருடைய குழுவின் முறை 1991-இல் வெளியானது. பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன் அதன்பின் வெகுவாக உயர்ந்தது.

சரி, இரண்டு வயதுக் குழந்தை 'கேட்கிறது' என்று எப்படிச் சொல்லும்? கன்னத்தோரம் ஒரு மரக்கட்டையைப் பிடித்திருக்கப் பழக்குவோம். ஒலி வந்தால் கூடையில் போட வேண்டும். நான் கட்டையைவிடக் கண்களைத்தான் அதிகம் பார்ப்பேன். போடலாமா என்று கை தயங்குவதற்கு முன்பே இமை ஒரு கணம் நின்றுவிடும். நரம்பின் எதிர்வினையைக் கருவியும் அளந்து தரும். அது உதவும், ஆனால் அந்த எண்ணை அப்படியே எல்லையாக வைத்துவிட முடியாது.

சிலருக்குக் குறிப்பிட்ட ஓர் எலக்ட்ரோடு இயங்கும்போதெல்லாம் கண்ணோரம் துடிக்கும். முகநரம்பும் சேர்ந்து தூண்டப்படுகிறது என்று பொருள். அந்த எலக்ட்ரோடை அணைக்கப் போனால் பெற்றோர் "காசு கொடுத்ததை அணைக்கிறீங்களே!" என்பார்கள். ஏழெட்டு எலக்ட்ரோடுகளுக்கு மேல் பலருக்குப் பேச்சு புரிவது பெரிதாகக் கூடுவதில்லை என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். தொல்லை தருவதை அணைத்தபின் பேச்சு தெளிவானவர்களும் உண்டு.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். தினமும் காலையில் வாயைக் காட்டாமல் ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். நேற்றுவரை கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையா? முதலில் பேட்டரியையும் மைக்கையும் பாருங்கள். அப்புறமும் கேட்கவில்லை என்றால் தேதியைக் குறித்துக்கொண்டு மேப்பிங்குக்கு வாருங்கள். "சரியாக் கேக்கல" என்பதைவிட "செவ்வாய்க்கிழமையிலிருந்து ஸ் மட்டும் கேக்கல" என்றால், எந்த எலக்ட்ரோடிலிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நன்றி, வணக்கம்.