ஒரே ஆத்தங்கரை, ஆளுக்கொரு வாக்கி டாக்கி: வெள்ளத்தன்னைக்கு நான் பாத்தது

எல்லாருக்கும் வணக்கம். நான் பேசுதது கேக்குதா? பஸ்ஸு சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கிடுங்க. நம்ம திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலத்துல நிக்கேன். 1843-ல தெறந்த பாலம். இந்தப் பக்கம் கொக்கிரகுளம், அந்தப் பக்கம் ஜங்ஷன். கீழ பாருங்க, தாமிரபரணி முட்டளவுதான் ஓடுது. பாறையெல்லாம் வெளிய தெரியுது. அங்கன ரெண்டு அக்கா துணி அலசிக்கிட்டு இருக்காவ.

இதே ஆறுதான் 2023 டிசம்பர்ல அப்படி வந்துது. 17-ந் தேதி ஞாயித்துக்கெழம பிடிச்ச மழை. காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் கிட்டத்தட்ட 800 பேரோட நின்னு போச்சு. இங்க கலெக்டர் ஆபீசுக்குள்ள தண்ணி. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிட்டு. அந்தக் கோயிலு நமக்கெல்லாம் பழைய அளவுகோலு. தண்ணி ஏறுதுன்னா உற்சவர மேலக்கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருவாவ. அதப் பாத்துதான் எங்க ஆச்சி காலத்துல வெள்ளம் எவ்வளவுன்னு கணக்குப் போடுவாவ.

அன்னைக்கு எங்க தெருவுல நடந்த ஒண்ணச் சொல்லத்தான் இந்த வீடியோ.

18-ந் தேதி திங்கக்கெழம காலையில எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. கரண்டு இல்ல. போன்ல டவர் இல்ல. மூணாவது வீட்டுல ஒரு பெரியவரு, வாரத்துக்கு ரெண்டு தடவ டயாலிசிஸ் போறவரு. திங்கக்கெழம அவருக்குப் போயே ஆகணும். எட்டரை மணி போல மீட்புப் படகு ஒண்ணு வந்துது. எங்களுக்கெல்லாம் உசுரு வந்த மாதிரி இருந்துது. படகுல இருந்தவரு இடுப்புல ஒரு வாக்கி டாக்கி. பெரியவரப் பத்திரமா ஏத்திக்கிட்டு, பக்கமா இருக்கேன்னு வடக்கு முக்குக்குக் கொண்டு போயி இறக்கிட்டாவ. ஆம்புலன்ஸ் நின்னது தெக்கு முக்குல. தெக்கு முக்குல காவலுக்கு நின்னவரு கையிலயும் ஒரு வாக்கி டாக்கி. ஆம்புலன்ஸ் டிரைவர் கையில டவர் இல்லாத போன். மூணு பேருக்கும் நடுவுல அரை கிலோமீட்டர்கூட இருக்காது.

ரெண்டு செட்டும் வேலை செஞ்சுது. அத நான் கண்ணால பாத்தேன், காதால கேட்டேன். வடக்க இருந்தவரு அவரு ஆபீஸோட பேசுதாரு. தெக்க இருந்தவரு அவரு கண்ட்ரோல் ரூமோட பேசுதாரு. ஆனா இவரு பேசுதது அவருக்குக் கேக்காது. பொறவு நானும் எதிர்வீட்டுத் தம்பியும் தண்ணிக்குள்ள நடந்து நடந்து சேதி சொன்னோம். பெரியவரு ஆம்புலன்ஸ்ல ஏற ரெண்டு மணி நேரம் ஆயிட்டு.

ஒண்ணத் தெளிவாச் சொல்லிருதேன். அங்க நின்ன யாரு மேலயும் எனக்குக் கொற இல்ல. விடிய விடிய தண்ணிக்குள்ள நின்னவங்க அவங்க. அவங்க கையில நாம குடுத்த கருவியிலதான் கொற.

செரி, ஏன் அப்படி? நானும் ஒரு வருசமாப் படிச்சுப் பாத்தேன், இந்த வேலையில இருக்குத ரெண்டு மூணு அண்ணாச்சிமார்கிட்டயும் கேட்டேன். போலீஸுக்குன்னு ஒரு அலைவரிசை, தீயணைப்புக்கு ஒண்ணு, வனத்துறைக்கு ஒண்ணு. செட்டு வாங்கினதும் வேற வேற காலத்துல, வேற வேற வகையில. களக்காடு முண்டந்துறைக் காட்டுல வேட்டைத் தடுப்புக் காவலரு ஒருத்தரு பேசுதது பாபநாசம் ஸ்டேஷன்ல கேக்கணும்னு யாரும் அன்னைக்கு நெனைக்கல. நெனைக்க வேண்டிய தேவையும் அப்ப வரல. அவங்கவங்க வேலைக்கு அவங்கவங்க செட்டு, அவ்வளவுதான்.

இத நம்ம ஊரு பாசைல சொல்லணும்னா, ஆளுக்கொரு கெணறு. ஒருத்தன் கெணத்துல தண்ணி வழியும், பக்கத்து வயக்காரன் கெணறு வத்திக் கெடக்கும். வெள்ளத்தன்னைக்கு ஒரு அலைவரிசையில பத்துப் பேரு முட்டி மோதிக்கிட்டு நிப்பாவ, பக்கத்துத் துறையோடது சும்மா கெடக்கும். மைக்க அமுக்கினா வேற ஒருத்தர் பேச்சுத்தான் காதுல விழும்.

இதுக்கு மாத்து, எல்லாத் துறையும் பங்குபோட்டுக்கிடுத ஒரே பொது ரேடியோ, ட்ரங்கிங் ரேடியோம்பாவ. அது தாமிரபரணிக் கால்வாய் மாதிரி. மருதூர் அணை, ஸ்ரீவைகுண்டம் அணைன்னு எட்டு அணைக்கட்டு இருக்குலா? ஆறு ஒண்ணுதான். நீர்ப்பாய்ச்சி யாருக்கு எப்ப மடை தெறக்கணும்னு பாத்துத் தெறந்து விடுவாரு. ட்ரங்கிங் ரேடியோவுல அந்த நீர்ப்பாய்ச்சி வேலைய ஒரு கம்ப்யூட்டர் பாக்குது. எல்லாத் துறை அலைவரிசையையும் ஒரே குளமா வச்சிருக்கும். நீங்க பட்டன அமுக்குன ஒடனே, எந்தச் சேனல் சும்மா இருக்கோ அத உங்க குழுவுக்குக் குடுக்கும். அரை நொடிகூட ஆகாது. நீங்க பேசி முடிச்ச ஒடனே அது திரும்பக் குளத்துக்குள்ள போயிரும்.

அப்ப போலீஸ் பேசுதது எல்லாருக்கும் கேக்குமான்னு கேப்பீக. கேக்காது. இங்கதான் நெறைய பேரு தப்பாப் புரிஞ்சுக்கிடுதாவ. டவரும் கம்ப்யூட்டரும் பொது, பேச்சு பொது இல்ல. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி டாக் குரூப், அதாவது பேச்சுக் குழு. பேச்சுக்குப் பூட்டும் போட்டுக்கிடலாம், அப்ப வேற யாரும் லேசுல ஒட்டுக் கேக்க முடியாது. வெள்ளம் வந்துட்டு, தேர் ஓடுதுன்னா கண்ட்ரோல் ரூம்ல இருந்து ஒரு பொதுக் குழுவத் தெறந்து விடுவாவ. படகுல இருக்குதவரு, முக்குல நிக்குதவரு, ஆம்புலன்ஸ் டிரைவரு, மூணு பேரும் அந்தக் குழுவுல வந்துருவாவ. ஆபத்துப் பட்டன்னு ஒண்ணு செட்டுலயே இருக்கும். அத அமுக்குனா நெரிசலா இருந்தாலும் அவரு குரலு முன்னால போகும்.

இதுக்கு உலகத்துல ரெண்டு பெரிய தரம் இருக்கு. ஐரோப்பாவுல டெட்ரா, அமெரிக்காவுல பி25. பின்லாந்துல விர்வேன்னு ஒரு வலையமைப்பு. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், எல்லைக் காவல் எல்லாம் ஒரே டெட்ராவுல சேந்துட்டாவ, 2000-களோட தொடக்கத்துலயே. நம்ம நாட்டுலயும் 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில டெட்ரா அமைச்சாவ. அதுக்கு எவ்வளவோ முன்னால, 1946-லயே போலீஸ் வயர்லெஸ்ஸ ஒருங்கிணைக்கன்னு ஒரு மத்திய அமைப்பு வந்துட்டு. அதனால நமக்கு இது புதுப் பேச்சு இல்ல.

இதப் படிக்கும்போது என்னத் தூங்க விடாத சம்பவம் 2001 செப்டம்பர் 11, நியூயார்க். ரெண்டு கோபுரத்துல தெக்குக் கோபுரம் மொதல்ல விழுந்துது. வடக்குக் கோபுரம் நிக்கி. மேல பறந்த போலீஸ் ஹெலிகாப்டர்ல இருந்து, இதுவும் விழப் போகுதுன்னு எச்சரிக்கை வந்துது. ஆனா அது போலீஸ் அலைவரிசையில போச்சு. கோபுரத்துக்குள்ள படியேறிக்கிட்டு இருந்த தீயணைப்புக்காரங்க பல பேருக்கு அது எட்டவே இல்ல. ரெண்டு கோபுரமும் விழுந்ததுக்கு நடுவுல 29 நிமிசம். 29 நிமிசத்துல எத்தன மாடி இறங்கலாம்னு நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். பொறவு பாதியில விட்டுட்டேன். அன்னைக்கு மொத்தம் 343 தீயணைப்பு வீரர்கள் போயிட்டாவ.

அதுக்கப்புறமும் அமெரிக்காவுல பொதுப் பாதுகாப்புக்குன்னு தனி பிராட்பேண்ட் வலையமைப்புக்குச் சட்டம் வர 2012 ஆச்சு. தென் கொரியாவுல 2014 ஏப்ரல்ல செவோல் கப்பல் முங்கி 304 பேரு போன பொறவுதான் நாடு முழுக்க ஒரே பேரிடர் வலையமைப்புன்னு முடிவெடுத்தாவ, 2021-ல முடிச்சாவ. நம்ம நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் டிராய் 2018-லயே இந்தியா முழுக்க இப்படி ஒண்ணு வேணும்னு பரிந்துரை குடுத்துருக்கு. நம்ம வெள்ளம் அதுக்கு அஞ்சு வருசம் கழிச்சு வந்துது.

சில பேரு கேக்காவ, எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டுனா, அது படுத்தா எல்லாமே படுத்துருமேன்னு. ஞாயமான பயம். அதுக்கு ரெண்டு வழி வச்சிருக்காவ. நடு கம்ப்யூட்டரோட தொடர்பு அறுந்து போனாலும் அந்தந்த டவரு தன் எல்லைக்குள்ள தனியா வேலை செய்யும். டவரே போயிட்டுன்னாலும் செட்டும் செட்டும் நேராப் பேசிக்கிடலாம், ஒண்ணு ரெண்டு கிலோமீட்டருக்கு. எங்க தெருவுக்கு அது போதும்யா. அரை கிலோமீட்டர்தான கேட்டோம்.

ஆனா இடத்தப் பாத்து வைக்கணும். வெள்ளத்தன்னைக்கு செல்போன் டவரு ஏன் படுத்துது? கரண்டு போச்சு, பேட்டரி சில மணி நேரத்துல தீந்துட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டு போக ரோடு இல்ல. ரோடும் பாலமும் அரிச்ச எடத்துல கேபிளும் போயிரும். ரேடியோ டவரையும் அதே பள்ளத்துல, அதே தரையில ஜெனரேட்டர வச்சுக் கட்டினோம்னா அதுவும் அதே கதிதான். நம்ம மாவட்டத்துக்குப் பொதிகை மலை பெரிய வரம், பெரிய தொந்தரவும் அதுதான். மேல ரிப்பீட்டர், அதான் சிக்னல வாங்கித் திரும்ப அனுப்புத கருவி, வச்சா கீழ வெகுதூரம் கேக்கும். ஆனா மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு மாதிரி மடிப்புக்குள்ள இருக்குத எடத்துக்கு மலையே மறைச்சிரும். அங்கனக்குத் தனியா வைக்காம தீராது.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுத இன்னொரு கூட்டம் இருக்கு. வெள்ளத்தன்னைக்குக் கடற்கரை ஊர்கள்ல இருந்து மீனவங்க பைபர் படக லாரியில ஏத்திக்கிட்டு வந்தாவ. யாரும் சம்பளம் குடுத்துக் கூப்பிடல. எத்தனையோ பேரத் தூக்கி விட்டது அவங்க. கடலுக்குப் போற பல படகுல விஎச்எப்னு கடல் ரேடியோ செட்டு இருக்கும், 16-ஆம் சேனல்ல உதவி கேப்பாவ. அது ஊருக்குள்ள மீட்புக்கு நிக்குத போலீஸ், தீயணைப்புச் செட்டோட ஒட்டாது. நான் சொல்லுத பொதுக் குழுவுல அவங்களுக்கும் எடம் இருக்கணும். பெரிய வலையமைப்பு வர வரைக்கும், ஒரு பெட்டி நெறைய உபரி செட்டு தயாரா வச்சிருந்து, வர்ற படகுக்கு ஒண்ணுன்னு கையில குடுக்கலாம். ரெண்டு வேற வேற ரேடியோவ கண்ட்ரோல் ரூம்ல வச்சுச் சேத்துக் கட்டுத கேட்வே கருவியும் இருக்கு. கோடிக்கணக்குல செலவு பண்ணி டவர் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது பேச்சு. மெஷின் ஒண்ணாயிட்டு, பாசை ஒண்ணாகலன்னா பிரயோசனம் இல்ல. ஒவ்வொரு துறைக்கும் ஒரு குறிச்சொல்லு. அமெரிக்காவுல பல துறை சேந்து நிக்குத எடத்துல குறிச்சொல்லுல பேசக் கூடாது, சாதாரணமாப் பேசணும்னு 2006-ல இருந்து விதி வச்சிட்டாவ. நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு, ஊர்ப்பேரு. புதூர்ல பத்துப் பேரு மாட்டியிருக்காவன்னு மைக்குல சொன்னா, எந்தப் புதூரு? நம்ம பக்கம் தடுக்கி விழுந்தா ஒரு புதூரு. தாலுகாவுல ஒரு பேரு இருக்கும், சனங்க வாயில வேற பேரு இருக்கும். வெளியூர்ல இருந்து வந்த மீட்புப் படைக்கு ரெண்டுமே தெரியாது.

போன நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு நான் ரத வீதியில நின்னு தேரப் பாக்கல, மத்தவங்களப் பாத்தேன். போலீஸ், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், கரண்ட் வயரக் கழத்தி விட நிக்குத ஈபிக்காரங்க, சறுக்குக் கட்டை போடுதவங்க. அத்தன கூட்டத்துல விசிலும் கையசைப்பும் வச்சு வடத்த நிறுத்துதாவ, இழுக்காவ. பாத்தா மெய் சிலிர்க்கும். எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியுத தூரத்துல நிக்குததால அது நடக்கு. ராத்திரி, மழை, நடுவுல ஒரு ஆறுன்னா அந்தக் கையசைப்பு யாருக்குத் தெரியும்?

நவம்பர் 1-ந் தேதி கிராம சபை இருக்கு. ஊராட்சியில இருக்குதவங்க போயிக் கேளுங்க. நம்ம ஊருக்கு மீட்புக்கு வாரவங்க கையில என்ன செட்டு இருக்கும், யாரு யாரோட பேச முடியும், போன் போயிட்டுன்னா 1077-க்கு, அதான் மாவட்டப் பேரிடர் உதவி எண்ணுக்கு, நம்ம சேதி எப்படிப் போகும். கேட்டு எழுதி வாங்குங்க.

நாங்க மாநகராட்சிக்குள்ள இருக்கோம், அதனால தெருக்காரங்களே ஒக்காந்து ஒரு தாள் எழுதினோம். இந்தா, கேமராவுல தெரியுதா? பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு வச்சிருக்கோம், நாலு வீட்டுல நாலு பிரதி. வாசிக்கேன் கேளுங்க. "வடக்கு முக்கு, வேப்பமரத்தடி: படகு வரும், ஆம்புலன்ஸ் வர முடியாது. தெக்கு முக்கு, ரேஷன் கடை: மேடு, ஆம்புலன்ஸ் நிக்கும். படகுல ஏத்துத ஆள இங்க இறக்கவும். மூணாவது வீடு: டயாலிசிஸ், திங்கள், வியாழன்."

அந்தக் கடைசி வரிய எழுதச் சொன்னது அந்தப் பெரியவரேதான்.