ஏலம் போன வீட்டில் இன்னும் இருப்பவர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை நேயர்களுக்கு வணக்கம். நான் நீதிமன்றத்தில் பிஸ்கால் பகுதியில், அதாவது கட்டளைகளை நேரில் போய் நிறைவேற்றும் பகுதியில், வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஏலத்தில் விற்ற வீடுகளை வாங்கியவருக்குப் பாரம் கொடுப்பதும் எங்கள் வேலைதான். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஏலம் முடிந்து உறுதி கைமாறின பிறகும் பழைய சொந்தக்காரர் எழும்பிப் போகாமல் இருப்பார். பிடிவாதம் என்று ஊர் சொல்லும். ஆனால் எங்கள் பக்கத்தில் வீடு கட்டுவதே மகளுக்காகத்தான். கலியாணத்தோடு வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, அதே வளவின் ஒரு மூலையில் சின்னதாய் ஒன்றைப் போட்டுக்கொண்டு தாய் தகப்பன் ஒதுங்கிவிடுவார்கள். அந்த உறுதியை ஈடு வைத்து எடுத்த கடனைக் கட்ட முடியாமல் போனால், வெளியே வர வேண்டியது ஒரு குடும்பம் மட்டுமில்லை.

கல்லடிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கட்டளையோடு போயிருந்தோம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வயதான அம்மா ஒருவர் வாசலுக்கு வந்து, "தம்பி, இது என்ட மகளுக்கு எண்டு கட்டின வீடு. நான் ஒரு கடதாசியிலயும் கையெழுத்து வைக்கல்லையே" என்றார். உண்மைதான், அவர் வைக்கவில்லை. மகளும் மருமகனும் வைத்திருந்தார்கள். சாமான்களை வெளியே எடுக்கும்போது அலுமாரியில் பதிவுத் தபால்கள் கட்டாகக் கிடந்தன. ஒன்றுகூட உடைக்கப்படவில்லை. பயத்தில் உடைக்காமல் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுக்குள் அவர்கள் பேசியிருக்கக்கூடிய நாட்கள் எல்லாம் இருந்தன.

அதை ஏன் சொல்கிறேன் என்றால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, நாங்கள் பராட்டே என்று சொல்கிறோமே, அந்த வழியில் வங்கி வழக்குப் போடாமலே ஏலம் விடலாம். பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்து, வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் போட வேண்டும். கடன்காரருக்கும் அறிவிக்க வேண்டும். ஏலத்துக்குக் குறித்த திகதிக்கு முந்தி கடன் நிலுவை முழுவதையும் கட்டி வீட்டை மீட்க இடமுண்டு. ஐம்பது இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த முதலுக்கு இந்த வழியில் போக முடியாது என்று 2011இல் திருத்தமும் வந்தது. இதையெல்லாம் கேட்க வேண்டிய நேரம் ஏலத்துக்கு முன்புதான். விற்பனைச் சான்றிதழ் ஒப்பமிட்ட பிறகு, விற்பனை ஒழுங்காக நடந்தது என்பதற்கு அதுவே முடிந்த சான்று. பிறகு கத்திப் பலனில்லை. ஏலத்தில் கடனை மிஞ்சிய தொகை விழுந்தால் மிச்சம் உங்களுக்குச் சேர வேண்டியது. அதைக் கேட்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள், மனம் எரிகிறது.

இனி வாங்கினவர்களுக்கு. சான்றிதழ் கையில் இருந்தாலும் உள்ளே போகும் உரிமையை நீதிமன்றம்தான் தரும். காணி இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமுறையில் விண்ணப்பம் போட்டு, கட்டளை எடுத்து, பிஸ்கால் மூலம் பாரம் எடுக்க வேண்டும். ஆள் வைத்து மிரட்டுவது, கரண்டை வெட்டுவது, கிணற்றை மூடுவது, கேற்றுக்குப் பூட்டுப் போடுவது, இதெல்லாம் எங்கள் கண் முன்னாலே நடந்தவை. அப்படிச் செய்தால் முதனிலை நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம், 68ஆம் பிரிவுகள் வந்து நிற்கும். முறைப்பாடு தாக்கலாவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லி நீதிமன்றம் கட்டளையிடலாம். காசு கொடுத்து வாங்கின வீட்டுக்கு வெளியே நீங்கள் நிற்பீர்கள்.

நான் கண்டவரைக்கும் நல்லபடி முடிந்தவை பேசி முடித்தவைதான். பிள்ளையின் சோதனை முடியும் வரை தவணை, வாடகை வீட்டுக்கு முற்பணம், சாமான் ஏற்ற ஒரு லான்ட்மாஸ்டர். அதைச் சட்டத்தரணி முன்னிலையில் எழுத்தில் வைத்தார்கள். வாங்கினவருக்கு வழக்குச் செலவு மிச்சம், இருந்தவருக்கு மானம் மிச்சம். குடியிருப்பவர் வாடகைக்காரர் என்றால் கதை வேறு, அவருடைய உரிமையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தனியாரிடம் கடன் வாங்கும்போது ஈட்டுறுதிக்குப் பதிலாக அறுதியாக, அதாவது விற்றுவிட்டதாகவே, எழுதிக் கொடுத்தவர்கள். வட்டி கட்டிக்கொண்டு அதே வீட்டில் இருப்பார்கள், ஒரு நாள் "வீடு என்னுடையது, எழும்பு" என்று வழக்கு வரும். பயந்து சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டை உண்மையில் விற்கும் எண்ணம் இருக்கவில்லை என்று சூழ்நிலைகளால் காட்ட முடிந்தால், 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 83ஆம் பிரிவை நீதிமன்றம் பார்க்கும். எழுதின விலை காணியின் பெறுமதிக்கு எவ்வளவு குறைவு, யார் வீட்டில் இருந்தது, வட்டி கட்டின துண்டு உண்டா, எல்லாம் அங்கே பேசும். துண்டைத் தூக்கி எறியாதீர்கள்.

அழைப்பாணை வந்தால் அந்தத் திகதிக்குக் கட்டாயம் போங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் மட்டக்களப்பிலே சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. உறுதிப் பிரதி, வங்கிக் கடிதங்கள், கட்டின பற்றுச்சீட்டுகள், உடைக்காத தபால்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அவர்கள் முன்னாலேயே உடைக்கலாம்.