புது ஆஃப்ரோடு பூட்ஸ் போட்டா கியரே விழ மாட்டேங்குது, என்ன பண்றது?

அடுத்த கேள்வி. “200 சிசி டிரெயில் பைக் வெச்சிருக்கேன். முழங்காலுக்குக் கீழ வரைக்கும் வர்ற ஆஃப்ரோடு பூட்ஸ் புதுசா வாங்கினேன். கணுக்கால் மடங்கவே மாட்டேங்குது. கியர் விழுந்துச்சா இல்லையான்னு தெரியல, பின் பிரேக் மேல கால் இருக்கறதே தெரியல. தேங்காய் எண்ணெய் தடவி வெயில்ல வெச்சா இளகுமா?”ன்னு கேட்டிருக்காரு.

எண்ணெய் சமையல்கட்டுலயே இருக்கட்டுங்க. இப்ப வர்ற பூட்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக் தகடும் மைக்ரோஃபைபரும் தான். அதுக்குள்ள எண்ணெய் இறங்காது, மேல பிசுபிசுன்னு நின்னு தூசியைத்தான் பிடிக்கும். வெயில், ஹேர் டிரையர், வெந்நீர் இதெல்லாம் பசையை விட வெச்சிரும், அப்புறம் சோல் வாயைப் பிளக்கும். நிஜத் தோல் பூட்ஸா இருந்தா, மடங்கற இடத்துல மட்டும் லெதர் கிரீம் லேசா தடவலாம்.

இன்னொண்ணு, அந்த விறைப்புக்குத்தான் நீங்க காசு கொடுத்திருக்கீங்க. உள்பக்க லேபிள்ல இஎன் 13634ன்னு (பைக் பூட்ஸுக்கான ஐரோப்பிய பாதுகாப்புத் தரம்) போட்டு, கூட நாலு எண் இருக்கும், ஒவ்வொண்ணும் 1 இல்லைன்னா 2. நாலாவது எண், பாதத்தைப் பக்கவாட்டுல நசுக்கினா எவ்வளவு தாங்கும்ங்கறது. பைக் சாஞ்சு கால் அடியில மாட்டும்போது அதுதான் காப்பாத்தும். அதனால சோல் இளகவே கூடாது. இளக வேண்டியது கணுக்காலுக்கு முன்னாடி இருக்கற மடிப்பும், குதிகாலுக்கு மேல பின்பக்க மடிப்பும் தான்.

அதை வீட்டுலயே பழக்கலாம். முட்டி வரைக்கும் வர்ற ரைடிங் சாக்ஸ் போடுங்க. பருத்தி சாக்ஸ் வேண்டாம், வியர்வையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு கொப்புளம் போட வைக்கும். காலை விட்டதும் குதிகாலைத் தரையில ரெண்டு தட்டு தட்டி பின்னாடி தள்ளுங்க. கணுக்கால் பக்கிளை முதல்ல போடுங்க, அப்புறம் கீழ இருக்கறது, கடைசியா மேல இருக்கற ரெண்டும். அந்த ரெண்டையும் முதல் வாரம் ஒரு பல் லூஸா விடுங்க. தினம் அரை மணி நேரம் நடங்க, 20 தடவை உட்கார்ந்து எழுந்திரிங்க, மாடிப்படி ஏறுங்க. இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க, கால் மடங்காம உருண்டுருவீங்க. அஞ்சாறு நாள்ல மடிப்பு விழ ஆரம்பிக்கும்.

ஆனா பாதி பிரச்சனை பூட்ஸ்ல இல்லைங்க, பைக்ல இருக்கு. கம்பெனியில லீவரை சாதாரண ஷூவுக்கு ஏத்த மாதிரி வெச்சிருப்பாங்க. உங்க பூட்ஸ் முனை அதைவிடத் தடிமன், லீவருக்கு அடியில நுழையாது. கியர் லீவர் நேரா ஷாஃப்ட்ல மாட்டியிருந்தா, முதல்ல ஷாஃப்ட்லயும் லீவர்லயும் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. போல்ட்டை லூஸ் பண்ணினா மட்டும் பத்தாது, முழுசா வெளிய எடுக்கணும். ஷாஃப்ட்ல இருக்கற பள்ளத்துல அது உட்கார்ந்திருக்கும், அதனால லீவர் வராது. லீவரை உருவி ஒரே ஒரு பல் மேல தள்ளி மாட்டுங்க. லிங்க் ராட் இருக்கற பைக்னா ரெண்டு பக்க நட்டையும் தளர்த்தி ராடைச் சுத்தினா போதும்.

பின் பிரேக்தான் கவனம். எழுந்து நின்னு ஓட்டும்போது கால் தெரியாமலே பெடலை அமுக்கிக்கிட்டு இருக்கும், டிஸ்க் சூடாகி பிரேக் பிடிக்காமப் போயிரும். பெடலை அமுக்கினா பிரேக் ஆயிலைத் தள்ற மாஸ்டர் சிலிண்டரோட ராடுல லாக் நட்டைத் தளர்த்தி, பெடலைக் கொஞ்சம் இறக்குங்க. மேனுவல்ல சொல்ற ஃப்ரீ பிளே, அதாவது பிரேக் பிடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பெடல் சும்மா அசையற தூரம், கட்டாயம் இருக்கணும். அது இல்லைன்னா பிஸ்டன் முழுசா திரும்பாது, பிரேக் ஆயில் அதோட டேங்குக்குத் திரும்பற துளை மூடியே இருக்கும், ஆயில் சூட்டுல விரிஞ்சு வீலே ஜாம் ஆயிரும். லாக் நட்டை இறுக்கிட்டு, பின் வீலைத் தூக்கி கையால சுத்திப் பாருங்க. பிரேக் லைட் எரியுதான்னும் பாருங்க, சுவிட்ச்சையும் மாத்த வேண்டி வரும்.

இனிமே கணுக்காலை மடக்கி கியர் போடாதீங்க, முட்டியோட சேர்த்து காலையே தூக்குங்க. பிரேக்குக்கும் அப்படித்தான், குதிகாலை ஃபுட்பெக்ல இருந்து கொஞ்சம் எடுத்து அமுக்கணும். இதை என்ஜின் ஆஃப்ல, பைக்கை முன்ன பின்ன அசைச்சுக்கிட்டே ஒரு 50 தடவை பண்ணுங்க. அப்புறம் வெட்டவெளி மைதானத்துல முதல், ரெண்டாவது கியர்ல எட்டு போடுங்க. முதல் நாளே டவுன் டிராஃபிக்குக்குள்ள போகாதீங்க, பிரேக்ல கால் வைக்க லேட்டாகும்.

கீச் கீச்னு சத்தம் வந்தா, பூட்ஸோட கணுக்கால் மூட்டு அசையற இடத்துல (பிவட்) சிலிக்கான் ஸ்ப்ரே லேசா அடிங்க, செயினுக்கு அடிக்கற லூப்ரிகன்ட் வேண்டாம்.

முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்பு மேல அழுத்தறது, கெண்டைக்கால் இறுக்கறது ரெண்டு வாரத்துல சரியாகும். ஆனா இறக்கத்துல விரல் முன்னாடி இடிக்குது, பாதம் மரத்துப்போகுது, இல்ல நடக்கும்போது குதிகால் 1 செ.மீ.க்கு மேல தூக்குதுன்னா அது பழகற விஷயம் இல்லைங்க, சைஸ் தப்பு. சோல்ல மண் படறதுக்கு முன்னாடியே கடையில கொடுத்து மாத்திருங்க.